மூணாவது வாரம்

பல் போனா சொல் போச்சுன்னு பெரியவங்க சொல்லி வச்சாங்க. அது முன்பல்லுக்கு. கடைவாய்ப்பல் போனா சொல் அப்படியேதான் இருக்கும், சோறுதான் ஒரு பக்கமாப் போகும். அதோட சேர்ந்து இன்னொண்ணும் போகும். அதைப் பத்தி எனக்குத் தெரிஞ்சு பழமொழி எதுவும் இல்ல. எலும்பு! பல்லைப் புடுங்கின இடத்துல தாடை எலும்பு கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சு போகும். வலிக்காது, வீங்காது. அதனால யாருக்கும் தெரியவும் தெரியாது.

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல. அண்ணாமலை யுனிவர்சிட்டியில பி.ஈ. முடிச்சுட்டு சென்னையில பொட்டி தட்டறவன். தினமும் ஆணி புடுங்கறவன் பல் புடுங்கறதைப் பத்தி எழுத என்ன தகுதின்னு கேட்டா, ஒண்ணே ஒண்ணுதான். போன வருஷம் ஏழெட்டு மாசம் எங்க வீட்டுல தலைப்புச் செய்தியே அப்பாவோட தாடை எலும்புதான் :)

அப்பாவுக்கு வயசு அறுபத்து மூணு. கடலூர் மஞ்சக்குப்பத்துல வீடு. வலது பக்கம் மேல, கடைசிக் கடைவாய்ப்பல் ஒண்ணு 2015லயே போயாச்சு. அதே பக்கம் கீழ, நல்லா மெல்லுற இடத்துல இருக்கற பெரிய கடைவாய்ப்பல் மூணு வருஷம் முன்னாடி போச்சு. ரெண்டு தடவையும் புடுங்கின கையோட வீட்டுக்கு வந்து "விட்டது சனியன்"னு படுத்துத் தூங்கினவர். அதுக்கப்புறம் எல்லாமே இடது பக்கம்தான். முறுக்குன்னா காபியில ஊறணும். கறின்னா குழம்பு மட்டும்.

ஆனி மாசம் தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயம் ஆச்சு. தையில முகூர்த்தம். "அதுக்குள்ள உங்க பல்லைக் கட்டிடுங்க, வர்றவங்களோட பந்தியில உக்காந்து சாப்பிட வேணாமா"ன்னு அம்மா ஆரம்பிச்சாங்க. வழியில எங்கயோ "ஒரே நாளில் நிலையான பல்"னு ஒரு போர்டு பார்த்திருக்கார் அப்பா. அது அவர் மனசுல பச்சக்னு ஒட்டிக்கிச்சு. "ஒரு நாள் வேலைதாண்டா. நீ லீவுல வந்திருக்கறப்பவே முடிச்சுடலாம்."

எனக்கு இதுல ஆலோசனை கேக்க ஒரே ஆள்தான். கூட ஸ்கூல்ல படிச்சவன், இப்ப சிதம்பரத்துல கிளினிக் வச்சிருக்கான். போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன்.

"மச்சி, பல்லு நாளைக்கே கூட வச்சுடலாம். எலும்பு என்ன சொல்லுதுன்னு பார்க்கணும்ல? அப்பாவைக் கூட்டிட்டு வா."

அவன் படிச்சது அண்ணாமலை நகர் பல் மருத்துவக் கல்லூரியில. 1980ல ராஜா முத்தையா பேர்ல ஆரம்பிச்சது, 2021ல தமிழக அரசோட சுகாதாரத்துறைக்குக் கீழ வந்துருச்சு. அந்தக் காலத்துல ஒரே கேம்பஸ்ல நான் இந்தப் பக்கம் சர்க்யூட் வரைஞ்சிட்டு இருப்பேன், அவன் அந்தப் பக்கம் ரோஸ் பென்சிலும் ஊதா பென்சிலும் வச்சுக்கிட்டு ரெக்கார்ட் நோட்டுல திசுப் படம் வரைஞ்சிட்டு இருப்பான். டாக்டருக்குப் படிக்கிறானா டிராயிங் மாஸ்டருக்குப் படிக்கிறானான்னு ஓட்டுவோம்.

அப்ப ஒரு தடவை மைக்ரோஸ்கோப்புல எலும்பு ஸ்லைடு ஒண்ணு காட்டினான். தேய்ச்சுத் தேய்ச்சு வெளிச்சம் ஊடுருவற அளவுக்கு மெலிசாக்கின எலும்புத் துண்டு. வெங்காயத்தைக் குறுக்கா வெட்டின மாதிரி வளையம் வளையமா இருந்துச்சு. ஒவ்வொரு வளையக் கூட்டமும் சுமார் கால் மில்லிமீட்டர் அகலம். நடுவுல ஒரு ஓட்டை, ரத்தக்குழாய் போற வழி. 1691ல எலும்பைப் பத்திப் புத்தகம் போட்ட கிளாப்டன் ஹேவர்ஸ்ங்கற இங்கிலாந்து டாக்டர் பேரால அதுக்கு ஹேவர்சியன் அமைப்புன்னு பேரு. வளையங்களுக்கு இடையில சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள், சிலந்தி மாதிரி நாலாபக்கமும் காலை நீட்டிட்டு இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு எலும்பு செல் குடியிருந்த வீடு. அந்தக் கால்கள் எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போற சந்து.

"பார்த்தா நெட்வொர்க் மாதிரி இருக்குடா"ன்னேன்.

"மாதிரி இல்ல. நெட்வொர்க்கேதான்"னான்.

அன்னிக்கு அது புரியல. அப்பாவோட ஸ்கேனைப் பார்த்தப்பதான் புரிஞ்சுது.

நாமெல்லாம் எலும்புன்னா செங்கல் மாதிரி ஒரு ஜடம்னு நினைச்சுட்டு இருக்கோம். ஆணி அடிச்சா நிக்கும், ஸ்க்ரூ போட்டா பிடிக்கும். அப்படி இல்ல மக்களே. எடையில மூணுல ரெண்டு பங்கு தாது உப்பு, அது சரிதான். மீதியில பெரும்பகுதி கொலாஜன்ங்கற புரத நார். தாதுதான் கெட்டித்தன்மை, நார்தான் உடையாம வளைஞ்சு கொடுக்கறது. இதுக்கு நடுவுல உயிரோட உக்காந்திருக்கற செல்கள், எந்த இடத்துல எவ்வளவு பாரம் விழுதுன்னு கவனிச்சு சேதி அனுப்பிட்டே இருக்கும். சேதியைக் கேட்டு வேலை செய்ய ரெண்டு கூட்டம் உண்டு. ஒண்ணு எலும்பை அரிக்கிற ஆஸ்டியோகிளாஸ்ட், இன்னொண்ணு கட்டுற ஆஸ்டியோபிளாஸ்ட். நம்ம பாஷையில சொன்னா, ஓடிட்டு இருக்கற சிஸ்டத்தை நிறுத்தாமலே பழைய கோடைத் தூக்கிட்டுப் புதுக் கோடு எழுதற டீம்.

பாரம் விழற இடத்துல எலும்பு பலமாகும், விழாத இடத்துல மெலியும். ஜெர்மனிக்காரர் ஜூலியஸ் வொல்ஃப் 1892லயே இதைப் புத்தகமா எழுதிட்டார். பல்லு இருக்கற வரைக்கும் ஒவ்வொரு வாய் சோத்துக்கும் தாடைக்கு ஒரு சேதி போகும். பல்லு போயிட்டா சேதி வராது. "இந்த மாட்யூலை யாரும் கூப்பிடறது இல்ல போல"ன்னு அரிக்கிற கூட்டம் வந்து துடைச்சுட்டுப் போயிடும். பல் புடுங்கின முதல் ஒரு வருஷத்துலயே அந்த இடத்து எலும்போட அகலத்துல சுமார் பாதி போயிடும். அதுலயும் பெரும்பகுதி முதல் மூணு மாசத்துக்குள்ள.

சரி, மேட்டருக்கு வருவோம். கம்ப்யூட்டர்ல அப்பாவோட சிபிசிடி ஸ்கேனைத் திறந்தான். முகத்தைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்து முப்பரிமாணமா எடுக்கற எக்ஸ்ரே.

"கீழ பாரு. வெளியில வெள்ளையாத் தடிமனா ஒரு ஓடு தெரியுதா? கெட்டி எலும்பு. உள்ள வலை மாதிரி இருக்கறது பஞ்சு எலும்பு. வலை நல்லா நெருக்கமா இருக்கு. இப்ப மேல பாரு."

மேல ஓடே சரியாத் தெரியல. மெல்லிசா ஒரு கோடு, அதுக்கு மேல சாம்பல் கலர்ல பொசபொசன்னு ஏதோ. அதுக்கு மேல கன்னத்துக்குள்ள இருக்கற சைனஸ் காற்றறை, இருட்டா. எலும்போட உயரம் 4 மில்லிமீட்டர். வைக்கற ஸ்க்ரூ பொதுவா எட்டுலேர்ந்து பன்னெண்டு மில்லிமீட்டர் நீளம். எங்க போய் வைக்கறது?

தாடை எலும்பை நாலு தரமாப் பிரிக்கிற வழக்கம் 1985லேர்ந்து இருக்கு. லெக்ஹோம், சார்ப்னு ரெண்டு பேர் பண்ணின பட்டியல். அப்புறம் அமெரிக்காவுல கார்ல் மிஷ்னு ஒருத்தர், துளை போடறப்ப கைக்கு எப்படித் தெரியும்னு மரத்தை வச்சு விளக்கினார். முதல் தரம் ஓக் மரம், ரெண்டாவது பைன், மூணாவது பால்சா, நாலாவது தெர்மாகோல். கடலூர்க்காரனுக்கு ஓக்கும் பைனும் எதுக்கு? நண்பன் அப்பாவுக்கு இப்படி மொழிபெயர்த்தான்: "புளியமரத்து வைரம், பண்ருட்டிப் பலா, முருங்கைக் கிளை, தெர்மாகோல். உங்களுக்குக் கீழ பலாப்பா. மேல தெர்மாகோல்."

புளியமரம் கிடைச்சா இன்னும் நல்லதுதானேன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. இல்லையாம். ரொம்பக் கெட்டியான எலும்புல ரத்த ஓட்டம் கம்மி, ஆறுறதுக்கு நேரம் ஆகும். துளை போடறப்ப சூடும் அதிகம். 47 டிகிரியில ஒரு நிமிஷம் இருந்தாலே எலும்பு செல் சாக ஆரம்பிக்கும்னு 1980களோட ஆரம்பத்துல ஸ்வீடன்ல சோதிச்சுப் பார்த்திருக்காங்க. அதனாலதான் உப்புத் தண்ணி பீய்ச்சிக்கிட்டே, விட்டு விட்டுத் துளைக்கறது. பலா மாதிரி, வெளிய நல்ல ஓடும் உள்ள ரத்தம் ஓடற வலையுமா இருந்தா அதுதான் தோது.

இந்த இடத்துல என் ஆணி மூளை சும்மா இருக்குமா? "ஸ்கேன்ல ஒரு புள்ளி எவ்வளவு பெருசு?"ன்னு கேட்டேன். 0.2 மில்லிமீட்டர்னான். பஞ்சு எலும்போட ஒவ்வொரு சட்டமும் 0.1லேர்ந்து 0.2 மில்லிமீட்டர் தடிமன். அதாவது பார்க்க வேண்டிய பொருளும் படத்தோட ஒரு புள்ளியும் கிட்டத்தட்ட ஒரே சைஸ்! சிக்னல் படிச்சவனுக்கு இது உடனே உறைக்கும். சட்டத்தைப் பார்க்கணும்னா புள்ளி அதுல பாதிக்கும் கீழ இருக்கணும். ஸ்கேன்ல தெரியற சாம்பல் கலர், சட்டமும் இடைவெளியும் கலந்த சராசரி. எலும்போட உயரம், அகலம், நரம்பு எங்க போகுது, இதையெல்லாம் ஸ்கேன் பளிச்னு காட்டும். நுண்ணமைப்பைக் குத்துமதிப்பாத்தான் காட்டும்.

"அதான் கடைசி ரிப்போர்ட் கைதான்"னான் நண்பன். துளை போடறப்ப எவ்வளவு எதிர்ப்பு இருக்கு, ஸ்க்ரூவை முறுக்கறப்ப எத்தனை நியூட்டன் சென்டிமீட்டர்ல நிக்குதுன்னு.

இப்ப டைட்டானியம் எப்படி எலும்போட ஒட்டுதுங்கற கதை. 1952ல ஸ்வீடன்ல பெர்-இங்வார் பிரானமார்க்னு ஒரு ஆராய்ச்சியாளர், எலும்புக்குள்ள ரத்தம் எப்படி ஓடுதுன்னு பார்க்க, முயலோட கால் எலும்புல டைட்டானியத்துல செஞ்ச குட்டிக் கண்ணாடி ஜன்னல் ஒண்ணைப் பொருத்தினார். வேலை முடிஞ்சு கழட்டப் பார்த்தா வரல. எலும்பு அதைப் பிடிச்சுக்கிச்சு. நாமா இருந்தா பக் ஃபைல் பண்ணிட்டுப் போயிருப்போம். அவர் அதையே வாழ்நாள் வேலையா எடுத்துக்கிட்டார். 1965ல கோஸ்டா லார்சன்ங்கறவருக்குக் கீழ்த்தாடையில முதல் டைட்டானிய வேர்களை வச்சார். 2006ல லார்சன் இறக்கற வரைக்கும், நாப்பது வருஷத்துக்கும் மேல, அது வேலை செஞ்சுது.

ஆனா ரொம்ப நாள் நிறையப் பேர் நம்பல. உலோகத்துக்கும் எலும்புக்கும் நடுவுல ஒரு நார்ச்சதை கண்டிப்பா இருக்கும்னு வாதம். சும்மா இல்ல, வெட்டிப் பார்க்க வழியில்லாம இருந்துச்சு. திசு வெட்டற கத்தி டைட்டானியத்தை வெட்டாது. உலோகத்தை உருவிட்டு வெட்டினா, பார்க்க வேண்டிய எல்லைக்கோடே கிழிஞ்சு போகும். உலோகத்தோட சேர்த்துப் பிசின்ல இறுக்கி, அறுத்து, தேய்ச்சு மெலிசாக்கற வித்தை வந்தப்புறம்தான் பார்க்க முடிஞ்சுது. 1976ல சுவிட்சர்லாந்துல ஆந்த்ரே ஷ்ரோடர் குழு எலும்பு நேரா உலோகத்தைத் தொட்டுட்டு நிக்கற படத்தைக் காட்டினாங்க. 1982ல டொராண்டோ மாநாட்டுக்கு அப்புறம் உலகமே ஒத்துக்கிச்சு.

அந்த மாதிரி ஒரு படத்தை நண்பன் காட்டினான். கறுப்பா ஸ்க்ரூவோட மரைகள், அதுக்குள்ள எலும்பு நுழைஞ்சு உக்காந்திருக்கு. ஆனா சுத்திலும் முழுசா ஒட்டல. அங்கங்க இடைவெளி, அதுல மஜ்ஜை. நூத்துக்கு நூறு ஒட்டறது கிடையவே கிடையாது, ஒட்டவும் வேண்டாம்.

இங்கதான் எனக்கு ஆச்சரியம். ஸ்க்ரூ வச்ச அன்னிக்கு அது இறுக்கமா நிக்கறது வெறும் மெக்கானிக்கல் பிடிப்பு, மரத்துல முடுக்கின ஸ்க்ரூ மாதிரி. உடனே அரிக்கிற கூட்டம் வந்துடும். துளை போட்டதுல அடிபட்ட பழைய எலும்பை எடுக்க ஆரம்பிக்கும். பழைய பிடி தளர்ந்துட்டே வரும். கட்டுற கூட்டம் புது எலும்பைப் போட்டுட்டே வரும், அது முதல்ல அவசரமாப் பின்னின பந்தல் மாதிரி ஒழுங்கில்லாம இருக்கும். பழசு போய் புதுசு முழுசா வராத நேரம் ஒண்ணு உண்டு. ரெண்டுலேர்ந்து நாலாவது வாரத்துக்குள்ள, பொதுவா மூணாவது வாரம் வாக்குல. முதல் நாள் இருந்த இறுக்கம் அப்ப இருக்காது. அந்த நேரத்துல ஸ்க்ரூ 0.15 மில்லிமீட்டர் அளவுக்கு ஆடிட்டே இருந்தாக் கூட, எலும்புக்குப் பதிலா நார்ச்சதை வந்து உக்காந்துடும். அப்புறம் ஸ்க்ரூ கழண்டு கையோட வரும். அந்தப் பந்தல் எலும்பை எடுத்துட்டு, வளையம் வளையமா முறையான எலும்பு போட மாசக்கணக்குல ஆகும்.

போர்டு முதல் நாளைப் பத்திப் பேசுது. எலும்பு மூணாவது வாரத்தைப் பத்திப் பேசுது. இதுதான் நான் கத்துக்கிட்டது.

ஒரே நாள்ல பல் வைக்கறது பொய்னு சொல்ல வரல. நல்ல எலும்பு, நல்ல முறுக்கு, மெல்லுற பாரம் விழாத இடம்னு பொருந்தி வந்தா முறைப்படி செய்யறாங்க. யாருக்குன்னு முடிவு பண்றது எலும்பு, போர்டு இல்ல.

அப்பா விஷயத்துல இன்னொரு ஆளும் முடிவு பண்ண வேண்டியிருந்தது. சர்க்கரை. எச்பிஏ1சி 8.9. ரத்தத்துல சர்க்கரை ஏறினா அது கொலாஜன் நார்லயும் போய் ஒட்டும், நாரை விறைப்பாக்கும், கட்டுற செல்களும் மெதுவாகும். கடலூருக்கு அடுத்த வீடு புதுச்சேரி. 2023ல வந்த ஐசிஎம்ஆர் ஆய்வுல அங்க பெரியவங்கள்ல 26.3 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய். நாட்டுச் சராசரி 11.4. நம்ம பக்கத்துல பல் கட்டப் போற எத்தனை பேரோட எலும்புல இந்தக் கதை இருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

"ஏழுக்குப் பக்கத்துல கொண்டு வாங்கப்பா. அப்புறம் வைக்கலாம்"னு சொல்லிட்டான் நண்பன்.

"கல்யாணம் தையில இருக்குப்பா."

"தைக்குப் பல் வராதுப்பா. வச்சா அவசரமா வைக்கணும். அது நிக்குமான்னு என்னால சொல்ல முடியாது."

திரும்பி வர்ற பஸ்ல அப்பா புதுச்சத்திரம் வரைக்கும் பேசல. அப்புறம் "உன் பிரெண்டு வியாபாரி இல்லடா"ன்னார். அவ்வளவுதான்.

அடுத்த நாள்லேர்ந்து காலையில சில்வர் பீச். நாலு மாசம். ரத்தச் சிவப்பணுவோட ஆயுசே சுமார் 120 நாள்ங்கறதால எச்பிஏ1சியை ஒரு வாரப் பத்தியத்துல ஏமாத்த முடியாது. ஐப்பசியில 7.2. அந்த வாரமே கீழ ஒரே ஒரு ஸ்க்ரூ வச்சான். 35 நியூட்டன் சென்டிமீட்டர்ல நின்னுச்சு. அதிர்வை வச்சு ஸ்திரத்தன்மையை ஒண்ணுலேர்ந்து நூறுக்குள்ள சொல்ற கருவி 72 காட்டுச்சு.

மூணாவது வாரம் சரியான மழை. அந்த மழையிலயும் சிதம்பரம் போனோம். 65. எழுத்துல படிச்சிருந்தும் அந்த நம்பரைப் பார்த்ததும் வயித்தைக் கலக்குச்சு. "இறங்கணும்டா, இறங்கினாத்தான் உள்ள வேலை நடக்குதுன்னு அர்த்தம். அந்தப் பக்கம் கடிக்காம இருந்தாப் போதும்"னு சிரிச்சான் அவன்.

தையில கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு. அப்பா இடது பக்கமாவே மென்னு ரெண்டு பந்தியில உக்காந்தார். பல்லு இல்லேன்னு ஒருத்தரும் கவனிக்கல. மாசியில போய்ப் பார்த்தப்ப 75. பல் மாட்டியாச்சு.

இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவுல கால் மில்லிமீட்டர் வாக்குல ஒரு நார்ப் படுகை உண்டு, அதுதான் சோத்துல கல் கடிச்சா சட்டுனு சொல்றது. இதுக்கு அது கிடையாது. அதனால கடிக்கிற வேகம் சரியாத் தெரியாதுன்னு முறுக்குக்கு இன்னும் தடை. தினமும் சுத்தி நல்லா விளக்கணும். ஈறுல கிருமி சேர்ந்தா, மாசக்கணக்குல பாடுபட்டு ஒட்டின எலும்பு மறுபடி கரைய ஆரம்பிக்கும்.

மேல இருக்கற 4 மில்லிமீட்டர்? சைனஸ் தரையைத் தூக்கி, எலும்புத் தூள் நிரப்பி, அது எலும்பாக மாசக்கணக்குல காத்திருந்து, அப்புறம் ஸ்க்ரூ. அப்பா முழுசாக் கேட்டுட்டு "அது கடைசிப் பல்லுதானே, வேணாம்ப்பா"ன்னார். நண்பனும் சரின்னான். எதிர்ல இருக்கற கீழ்ப்பல் மேல எழும்புதான்னு வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கணும், அவ்வளவுதான்.

சில்வர் பீச் நடை மட்டும் இன்னும் நிக்கல.

பி.கு.: வீட்டுல யாராவது பல்லைப் புடுங்கிட்டு "விட்டது சனியன்"னு படுத்தா, அடுத்த மூணு மாசத்துக்குள்ள எழுப்பி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடுங்க. பல் கட்டறது கட்டாதது அப்புறம். அந்த இடத்து எலும்பை என்ன பண்றதுன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுங்க.